என்டரைத் தட்டுவதற்கு முன்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பென்ஷன் விஷயமாக ஓர் அலுவலகத்துக்கு அவருடன் துணைக்குப் போனேன். அவருடைய இனிஷியல் ஒரு காகிதத்தில் 'கே', இன்னொன்றில் 'ஜி'. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க'தான். கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா?

கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பார்த்தார். "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது சார்."

"நீயே மாத்தக் கூடாதாம்மா?" என்றார் பெரியவர்.

"அந்தக் கட்டத்துக்குள்ள கர்சரே போகாதுங்க ஐயா."

திரும்பும்போது பஸ்ஸில் பெரியவர் கேட்டார்: "அப்போ முடியாதுன்னு சொன்னது யாரு தம்பி?"

பதில் தெரியாமல் முழித்தேன். அன்றிரவு எதிர்வீட்டுப் பையனைப் பிடித்தேன். ஓ.எம்.ஆரில் ஓர் அமெரிக்க வங்கியின் மெயின்ஃப்ரேமைப் பராமரிக்கும் வேலை அவனுக்கு.

ஐபிஎம் 1971-ல் கொண்டுவந்த 3270 டெர்மினல் வரிசையின் வழக்கமான திரை 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 1920. அந்தப் பெட்டிகள் போய்விட்டன. அதே திரை இன்று சாதாரண கம்ப்யூட்டரில் ஒரு ஜன்னலாகத் திறக்கிறது. புரோகிராம் ஒரு முழுத் திரையை அனுப்பும்போதே, எந்தக் கட்டத்தில் எழுதலாம், எது பூட்டியது என்று குறியிட்டு அனுப்பிவிடும். நாம் அடிக்கும் எழுத்துகள் உடனே மெயின்ஃப்ரேமுக்குப் போவதில்லை. டெர்மினலின் நினைவிலேயே கிடக்கும். என்டரைத் தட்டினால்தான், அதுவும் பெரும்பாலும் மாற்றிய கட்டங்கள் மட்டும், கிளம்பிப் போகும். பதில் வரும்வரை கீபோர்டு பூட்டிக்கொள்ளும்.

"இன்னொண்ணு அங்கிள், திரையை அனுப்பினதும் அந்த புரோகிராம் பெரும்பாலும் முடிஞ்சே போயிடும். நீங்க யோசிச்சிட்டிருக்கிற நேரத்துல அங்க யாரும் காத்துக்கிட்டு இல்ல."

நம்மூர் அலுவலகத் திரைகள் வேறு ஜாதி. ஆனால் நடப்பது ஏறக்குறைய இதேதான்.

பூட்டியது பாவமா? இல்லை. எல்லாக் கட்டமும் திறந்து கிடந்தால் பெரியவரின் பென்ஷன் என்றைக்கோ வேறு யார் கணக்குக்கோ போயிருக்கும். பூட்டும் ஒருவகை தர்மம்தான். ஆனால் பூட்டியது மிஷின் அல்ல. எங்கோ ஒரு மனிதர் யோசித்து, இந்தக் கட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தார். அவர் 'க'வை யோசிக்கவில்லை, அவ்வளவுதான். 'சிஸ்டம் எடுக்கல' என்று சொல்லும்போது, அந்த மனிதரை ஒளித்துவைத்து, நம்மையும் ஒளித்துக்கொள்கிறோம். முடியாது என்று சொன்னவர் யாருமே இல்லாமல் போய்விடுகிறது. பழி போட ஆள் கிடைக்காததைவிடப் பெரிய நஷ்டம், முறையிட ஆள் கிடைக்காதது.

அந்தப் பையன் சொன்னதில் எனக்குப் பிடித்தது, என்டருக்கு முந்தைய அந்த இடைவெளி. அதுவரை மிஷினுக்கு எதுவும் தெரியாது. அந்த நேரம் முழுக்க மனிதருடையது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "எங்க காலத்துல தப்பாயிட்டா அடிச்சிட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடுவோம் தம்பி. அடிச்சவன் யாருன்னு நோட்டே சொல்லும்" என்றார்.

மறுவாரம் மறுபடி போனோம். அதே பெண். அதே திரை. இந்த முறை அவர் என்டரைத் தட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, 'இரண்டும் ஒருவரே' என்று விளக்கம் எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டார். "மேல காட்டிட்டு வரேன், உட்காருங்கய்யா" என்று எழுந்து மாடிப்படி ஏறினார்.

பென்ஷன் வர இன்னும் நாளாகலாம். ஆனால் யாரிடம் கேட்பது என்று பெரியவருக்கு இப்போது தெரியும்.