கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே

பிப்ரவரி 11. காலையில் சென்னை மெரினாவின் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி லூப் சாலையில் நடந்தேன். 1946இல் இதே நாளில் தொழிலாளர் தலைவர் ம. சிங்காரவேலர் மறைந்தார். அவர் பிறந்தது இங்கிருந்து வடக்கே சற்றுத் தொலைவில், அயோத்தியாகுப்பத்தில், 1860இல். நொச்சிக்குப்பத்தில் பைபர் படகுகள் கரையேறிவிட்டன. மணலில் வலையை விரித்து, சிக்கிய சங்கராவையும் கானாங்கெளுத்தியையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மாலை போட்ட சிங்காரவேலர் படத்தின் முன்னால் நிற்பதைவிட இங்கே வருவதுதான் சரியென்று பட்டது.

*

வெள்ளைக்காரன் இந்த ஊரை இரண்டாகப் பிரித்துத்தான் பெயர் வைத்தான். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், மதிலுக்கு வெளியே கறுப்பர் நகரம். ஜார்ஜ் மன்னர் முடிசூடியதை ஒட்டி 1911இல்தான் கறுப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆனது. அப்போது சிங்காரவேலருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. தோலின் நிறத்தை வரைபடத்திலேயே எழுதிவைத்த ஊரில் மீனவக் குடும்பத்துப் பிள்ளையாகப் பிறந்து, படித்து, வழக்கறிஞராகி, 1921இல் அந்த அங்கியைத் தீயிலிட்டவர் அவர். இன்று சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அவர் பெயர். அது இருப்பது ஜார்ஜ் டவுன் பக்கம், ராஜாஜி சாலையில். அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் பழைய வரைபடம் நினைவுக்கு வருகிறது.

*

நிறம் என்று நம் ஊரில் யாரும் நேராகச் சொல்வதில்லை. நாற்றம் என்கிறோம். கவிச்சி என்கிறோம். இந்தக் குப்பத்திலிருந்து மயிலாப்பூர் மாட வீதிக்கு நடந்தே போய்விடலாம். போகிற வழியில் ‘சைவம் மட்டும்’ என்று எழுதிய வாடகைப் பலகைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் சாதியும் இல்லை, நிறமும் இல்லை. ஆனால் யார் உள்ளே வரக்கூடாது என்பது படிப்பவர் எல்லோருக்கும் தெரியும்.

2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா பேசாமல் போய்விடவில்லை. பேருந்து நிலையத்திலேயே நின்று, அத்தனை பேர் முன்னாலும் நியாயம் கேட்டார். காணொளி பரவியது, பணியாளர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். 1955இல், அதுவும் ஒரு டிசம்பர், அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார். அவரை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். குளச்சல் அம்மாவை இரண்டே வாரத்தில் மறந்தோம். அமெரிக்காவின் நிறவெறியைப் பற்றி மணிக்கணக்கில் பேச முடிகிற எனக்கு, பேருந்தில் மீன்கூடை ஏறினால் கால் தானாகப் பின்வாங்குகிறது. இதை இங்கே எழுதிவைக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

*

1921, பெரம்பூர் பின்னி ஆலை வேலைநிறுத்தம். முதலாளி வெள்ளைக்காரன், தொழிலாளி கறுப்பன் என்று கோடு எளிதாக விழுந்திருக்கலாம். விழவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒருபுறம், சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுபுறம் என்று பிளந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சிங்காரவேலர் அந்தப் போராட்டக் காலத்தில் தொழிலாளர் நடுவே இருந்தவர். தமக்கு மேலே இருப்பவனிடம் நியாயம் கேட்கிற வாய், தமக்குக் கீழே என்று நினைப்பவனிடம் வேறு மொழி பேசுவதை அவர் கிட்ட இருந்து பார்த்திருப்பார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1923 மே முதல் நாள், இந்தியாவின் முதல் மே தினத்தை அவர் இந்தக் கடற்கரையில்தான் நடத்தினார். ஒரு கூட்டம் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். மண்டபத்துக்கு வாசல் உண்டு, வாசலில் ஆள் நிற்பான். மணலுக்கு வாசல் கிடையாது. அதற்காகவே இந்த இடத்தைத் தேர்ந்தாரா, சொல்ல முடியாது. எனக்கு அப்படி நினைக்கப் பிடித்திருக்கிறது.

*

அந்த மணலுக்கும் வாசல் வைக்கப் பார்த்திருக்கிறார்கள். 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தக் கிளம்பினார்கள். எதிர்த்து நின்றவர்கள்மீது போலீஸ் சுட்டது, மீனவர்கள் செத்தார்கள். யாருடைய கண்ணுக்கு அழகு என்று அன்றைக்குக் கேட்டவர்கள் குறைவு. பிறகு 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று லூப் சாலையோர மீன்கடைகளை மாநகராட்சி அகற்றியது. குப்பத்து மக்கள் படகையும் வலையையும் சாலையின் குறுக்கே போட்டு மறித்தார்கள். சாலை எங்கள் மணல்மேல் வந்ததா, நாங்கள் சாலைமேல் வந்தோமா என்பதுதான் அவர்கள் கேட்டது. இவ்வளவு சுருக்கமான வழக்குரையை நான் கேட்டதில்லை. 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தார்கள். தண்ணீர் வசதி இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது. நல்லதுதான், மனதாரச் சொல்கிறேன். ஆனாலும் அதைச் சலுகையாகப் பெற்றவர்கள்போல் இவர்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு உறுத்துகிறது.

*

ஒரு ஆயாவிடம் அரைக்கிலோ சங்கரா வாங்கினேன். சிங்காரவேலரைத் தெரியுமா ஆயா என்று கேட்டேன்.

“பேரு கேட்டுக்கிறேன். நம்மாளுதானே?”

“ஆமா ஆயா. நம்ம குப்பத்துக்காரர்தான். வக்கீலு.”

“நமக்காவ கேஸு நடத்துனாரா?”

கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரவில்லை. கடைசிவரை நடத்தினார் என்றேன். ஆயா செதில் சீவுவதை நிறுத்தாமல், “அப்பறம் தீர்ப்பு இன்னாச்சு?” என்றார்.

அடுத்த ஆள் வஞ்சிரம் விலை கேட்டார். ஆயா அவர் பக்கம் திரும்பிவிட்டார். நான் பையை வாங்கிக்கொண்டு, வலை பிரிக்கிறவர்கள் பக்கம் போய் மணலில் உட்கார்ந்தேன்.