இரவல் கவசம்

ஒருவனை ஆபத்துக்குள் அனுப்புகிறவன், அவனது உடலுக்கும் பொறுப்பாளியா? இக்கேள்விக்கு விடை தேடி நாம் சற்றுத் தொலைவு சென்று வரவேண்டியுள்ளது.

நம் முத்துக்குளித்துறைக் கரையில் நடந்த புனித சவேரியார், 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அது சாமுராய் வீரர்களின் நாடு. அவர்களுடைய மரபுவழிக் கவசம் ஒரே இரும்புப் பாளத்தால் ஆனதன்று. இரும்பாலும் பச்சைத் தோலாலும் ஆன நூற்றுக்கணக்கான சிறு தகடுகளை வரிசையாக அடுக்கி, பட்டுக் கயிற்றாலும் தோல்வாராலும் கோத்தனர். ஈரக்காற்று மிகுந்த அந்நாட்டில் இரும்பு துருவேறாதிருக்க, உருஷி மரத்தின் பாலைப் பலமுறை பூசி உலர்த்தினர். தகடு அடியைத் தாங்கிற்று. கயிறோ உடல் வளையவும் திரும்பவும் இடம் தந்தது. 1543இல் போர்த்துக்கீசியர் வழியே துப்பாக்கி வந்தபின், பெரிய இரும்புத் தகடுகள் படிப்படியாக வழக்கிற்கு வந்தன.

பிரபுவின் கவசம் அழகுமிக்கது. அருங்காட்சியகங்களில் இன்று கண்ணைக் கவர்வதும் அதுவே. எனினும் நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. ஆஷிகாரு எனப்பட்ட எளிய காலாட்களுக்குப் பிரபுக்களே தம் கிடங்கிலிருந்து இரவலாகக் கவசம் வழங்கினர். எளிய மார்புக் கவசமும், இரும்பாலோ தோலாலோ ஆன கூம்புத் தொப்பியுமே அது. அன்பினால் அன்று, தம் படை அழியாதிருக்கவே அளித்தனர் எனலாம். ஆயினும் அளித்தனர்.

இனி நம் போடிநாயக்கனூருக்குத் திரும்புவோம். வைகறையில் ஜீப்புகளில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரைக் காண்கிறோம். ஏலச் செடிக்கு இலைப்பேனும் தண்டைத் துளைக்கும் புழுவும் பகை. ஆதலால் அடிக்கடி மருந்தடிக்கின்றனர். செடிக்கு நிழல் தர மரம் உண்டு; பறித்த காயை உலர்த்தக் கூடம் உண்டு. மருந்தடிப்பவர்க்கோ பலவேளைகளில் முகத்தில் சுற்றிய துண்டே கவசம். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் தக்க காப்புடை வேண்டுமெனக் கூறின. மனித உழைப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட சுற்றுமடலும், உடல்நலத்துக்குக் கேடில்லாப் பணிச்சூழலைத் தொழிலாளியின் உரிமை என்றே கொண்டது.

'கொடுத்தாலும் அணிவதில்லையே' என்பர் சிலர். கனத்த உடையுடன் ஈரச் சரிவில் நாள்முழுதும் ஏறி இறங்க எவரால் இயலும்? உடலோடு வளையாத கவசம் உதவாது என்பதை ஜப்பானியக் கம்மியர் அறிந்திருந்தனர். அணிபவரின் வேலையை எண்ணிச் செய்து தருவதும் அனுப்புவோரின் கடமையே.

அனுப்புவோர் தோட்ட உரிமையாளர் மட்டுமோ? பாயசத்தில் ஏலம் மணக்க விரும்பும் நாமும் அவர்களுள் அடங்குவோம். பவுலடியார் எபேசியர்க்கு எடுத்துரைத்த ஆன்ம கவசத்தைப் பற்றி மறையுரை கேட்கும் நம் செவிகளில், உடலுக்கொரு கவசம் கேட்கும் குரலும் விழட்டும். அன்பின்றிப் பிரபுக்கள் அளித்ததையேனும், அன்பைப் போதிக்கும் நாம் அளிக்க வேண்டாமா?