ஊர் என்னும் அமானத்

ஒருவர் நோயுற்றால் மருந்து தேடுவது உற்றாரின் கடமை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஓர் ஊர் நோயுற்றால் என்செய்வது? தொழில் போய், பிழைப்புப் போய், மக்கள் ஒருவர்பின் ஒருவராய் வெளியேறும் ஊரைக் காப்பது எவர்மீதாவது கடமையாகுமா? அன்றி, ‘அதன் காலம் முடிந்தது’ என்று விட்டுவிடலாகுமா? இது ஏட்டளவில் எழுப்பிப் பார்க்கும் வினாவாகத் தோன்றலாம். ஆனால் 1981 ஆம் ஆண்டில் பிரித்தானிய அமைச்சர்களிடையே இது மெய்யாகவே எழுந்தது. வினாவுக்கு உள்ளான ஊர் லிவர்பூல்.

நம் வாசகர்களுக்கு அவ்வூர் முற்றிலும் அந்நியமன்று. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறிச் சென்று, லிவர்பூல் பருத்திச் சந்தையில் ‘டின்னவெல்லி’ என்னும் பெயராலேயே விலை கூறப்பட்ட காலம் ஒன்றிருந்தது. இங்கிலாந்தின் முதற் பள்ளிவாசல் எனப் பலரும் குறிப்பிடும் இல்லமும் அவ்வூரில்தான் உள்ளது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

லிவர்பூல் நிற்பது மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில். அங்கே கடலின் ஏற்றவற்றம் 30 அடி வரை மாறக்கூடியது. வற்றத்தில் கப்பல் சேற்றில் சாயும். ஏற்றத்தில் கயிறு அறும். இவ்விடரை வெல்ல 1715 இல் கரையைக் குடைந்து, கதவமைத்து, நீர் வற்றாமல் தேக்கிவைக்கும் கப்பல்துறை ஒன்றைக் கட்டினார்கள். வணிகக் கப்பல்களுக்கென உலகில் எழுந்த அத்தகைய முதல் துறை அதுவே என்பர். பிறகு துறைகள் பெருகி, ஆற்றங்கரையில் ஏறத்தாழ 7 மைல் நீண்டன. 1830 இல் மான்செஸ்டருக்கு இருப்புப்பாதை வந்தது. 1846 இல் மரத்தைத் தவிர்த்து, இரும்பும் செங்கல்லும் கருங்கல்லும் கொண்டு, தீப்பற்றாத கிட்டங்கிகளுடன் ஆல்பர்ட் துறை திறக்கப்பட்டது. 1830 முதல் 1930 வரை ஏறத்தாழ 90 இலட்சம் மக்கள் அவ்வூர் வழியே புதிய நாடுகளுக்குக் கப்பலேறினர். பஞ்சத்தால் விரட்டப்பட்ட அயர்லாந்து மக்களும், ஏமன், சோமாலியா, மேற்கு ஆப்பிரிக்கா, வங்கம் ஆகிய இடங்களின் மாலுமிகளும் அங்கே தங்கிக் குடிகளாயினர்.

இச்செல்வத்தின் அடியில் ஒரு பெரும் பாவம் கிடந்தது. மறைத்துப் பேசுவது நமக்கு வழக்கமன்று. 1699 முதல் 1807 இல் தடைச் சட்டம் வரும்வரை லிவர்பூலின் கப்பல்கள் சுமார் 15 இலட்சம் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கடல்கடத்தின. நகர மண்டபத்தின் சுவரில் ஆப்பிரிக்கர் தலைகளும் யானைகளும் செதுக்கிய கற்களை இன்றும் காணலாம். அடிமை வணிகம் நின்ற பின்னும், அமெரிக்க அடிமைகள் பறித்த பருத்தி அத்துறைகளில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. நகர மன்றம் இதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது 1999 டிசம்பரில்.

ஆகவே, அந்நகரம் பின்னர்ச் சிதைந்ததைக் கண்டு, ‘பாவத்தின் கூலி’ என்று சொல்லிக் கடந்துவிடத் தோன்றும். ஆத், ஸமூது கூட்டத்தாரின் செய்தியை ஓதி வளர்ந்த நமக்கு அவ்வாறு தோன்றுவது எளிது. ஆயினும் சற்று நின்று கணக்குப் பார்க்கவேண்டும். அடிமைகளை விற்றுப் பொருள் சேர்த்தோர் அப்பொருளை நிலமாகவும் மாளிகையாகவும் மாற்றிக்கொண்டு போய்விட்டனர். ஊர் சிதைந்தபோது வேலையிழந்து நின்றவன் மூட்டை சுமந்தவன். அவன் பாட்டன் அயர்லாந்தில் பட்டினி கிடந்தவன். இன்னொருவனின் முப்பாட்டன் அந்த அடிமைகளுள் ஒருவனாகவே இருந்திருக்கக்கூடும். ஒருவர் சுமையை மற்றொருவர் முதுகில் ஏற்றும் நீதியை நம் மார்க்கம் அறியாது. பாவம் செய்தவன் தப்ப, பாவத்துக்கு இரையானவனின் பேரன் தண்டனை ஏற்றான் என்று சொல்வோமாயின், அது இறைவனின் நீதியைப் பற்றிய பேச்சாகாது. நம் அலட்சியத்துக்கு நாமே தேடும் சாக்கு ஆகும்.

அப்படியாயின் அந்நகரை வீழ்த்தியது எது? 1941 மே மாதத்து விமானத் தாக்குதலில் மட்டும் சுமார் 1,700 பேர் மாண்டனர். ஆயினும் போருக்குப் பின்னும் துறைமுகம் எழுந்து நடந்தது. அதை அடக்கியது ஓர் இரும்புப் பெட்டி. 1956 இல் அமெரிக்காவில் ஒரு வணிகர் லாரியின் சரக்குப் பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றிப் பார்த்தார். மூட்டை மூட்டையாய், பீப்பாய் பீப்பாயாய் ஆட்கள் கைமாற்றி இறக்கிய சரக்கை, கன்டெய்னர் என்னும் அப்பெட்டியோடு பாரந்தூக்கி எடுத்து வைத்தது. கப்பல்களும் பெருத்தன, பழைய துறைகளின் வாயில் அவற்றுக்குப் போதவில்லை. 1973 இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்தபோது வணிகம் கிழக்குக் கரையை நோக்கித் திரும்பிற்று. அமெரிக்காவைப் பார்த்து நின்ற லிவர்பூல் தவறான பக்கத்தில் நிற்பதாயிற்று. ஆல்பர்ட் துறை 1972 இல் மூடப்பட்டது. டயர், கார், சர்க்கரை ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கதவடைத்தன. 1931 இல் சுமார் 8,55,000 ஆக இருந்த மக்கள்தொகை 2001 இல் 4,39,000 ஆகச் சுருங்கிற்று.

இதில் எவரையும் குற்றவாளி என்று கூண்டில் ஏற்ற நம்மால் இயலாது. பெட்டியைக் கண்டுபிடித்தவர் லிவர்பூலைக் கெடுக்க நினைத்தவரல்லர். மலிவான சரக்கை வாங்கிய கோடிக்கணக்கானோரும் அவ்வாறே. நாமும் வாங்குகிறோம். ஆனால் வீழ்ச்சி ஒன்று, வீழ்ந்தவரைக் கைவிடுதல் வேறொன்று. முன்னது எவரும் எண்ணாமல் நிகழலாம். பின்னதற்கு ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும்.

1981 ஜூலையில் டாக்ஸ்டெத் என்னும் பகுதியில் கலகம் வெடித்தது. கறுப்பின இளைஞர்மீது காவலர் காட்டிய கடுமையும், வேலையின்மையும் அதற்கு மூட்டிய நெருப்பு. அப்போது நிதியமைச்சராயிருந்த ஜெஃப்ரி ஹவ், பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். முப்பதாண்டுகள் மூடிக் கிடந்த அக்கடிதம் 2011 இறுதியில் வெளியாயிற்று. கையில் உள்ள பணம் குறைவு. அதை மெர்சிக் கரையில் கொட்டுவது நீரை மேட்டுக்கு ஏற்றுவதை ஒக்கும். திட்டமிட்டு அந்நகரைத் தேய விடும் வழியையும் மறந்துவிடலாகாது என்பது அதன் சாரம். அச்சொற்றொடரைத் தனிப்பேச்சிலும் வழங்கலாகாது என்றும் அவர் எச்சரித்திருந்தார்.

அவரை அரக்கராகச் சித்திரிப்பது எளிது. நாம் அது செய்யோம். தொழிலாளரைப் பக்கத்து ஊர்களில் வேலைக்கு அமர்த்தலாம் என்றும் அவர் எண்ணியிருந்தார். பொதுப்பணம் எல்லையற்றதன்று, ஓரிடத்தில் கொடுத்தால் இன்னோரிடத்தில் குறையும். பைத்துல்மாலை நிர்வகித்த எவரும் இந்நெருக்கடியை அறிவர். அவர் வாதத்தில் நம்மை உறுத்துவது வேறொன்று. ஊரை அவர் ஒரு முதலீடாக மட்டுமே பார்த்தார். விளைச்சல் தராத வயலைத் தரிசாகப் போடலாம். ஊர் அத்தகையதா? சொல்லவும் கூசுகின்ற முடிவு, செய்யத் தகுந்த முடிவாகுமா?

இப்னு கல்தூன் 1377 இல் எழுதிய தம் ‘முகத்திமா’வில் நகரங்களின் வாழ்வையும் தேய்வையும் ஆராய்ந்தார். பெருங்கொள்ளைநோயில் பெற்றோரை இழந்து, வெறிச்சோடிய மக்ரிபு நகரங்களைக் கண்ணாற் கண்டவர் அவர். ஊரின் செழிப்பு மக்கள் தொகையாலும் அவர்தம் உழைப்பாலும் வருவது, ஈட்டும் பொருளெல்லாம் மனித உழைப்பின் மதிப்பே என்பது அவர் கண்ட முடிபு. ஊர் தேயும்போது கைத்தொழில்கள் மறையும். கட்டடங்களின் கல்லைப் பெயர்த்து வேறு கட்டடம் எழுப்புவர் என்றும் கூறினார். அதனை இயற்கையின் போக்காகவே அவர் கண்டார், மருந்து சொல்லவில்லை. ஆனால் அவர் முதற்கூற்றை ஏற்றுக்கொண்டால் ஒன்று தொடர்ந்து வருகிறது. லிவர்பூலின் துறைகளிலும் கிட்டங்கிகளிலும் தங்கியிருப்பது உழைத்தோரின் வியர்வை. ஆதாயம் பங்குதாரருக்குப் போயிற்று. ஊர் மட்டுமே உழைத்தோருக்கு மிஞ்சியது. அதுவே அவர்களுடைய சேமிப்பு. எனவே அவர்களுடைய ஹக்கு. நாட்டை ஆள்வோர் கையில் அது அமானத்தாக இருக்கிறது. அமானத்தை, இலாபம் தரவில்லை என்பதற்காக அழியவிடும் உரிமை எவருக்கும் இல்லை.

நல்ல வேளையாக அமைச்சரவையில் மாற்றுக் குரலும் இருந்தது. மைக்கேல் ஹெசல்டைன் லிவர்பூலில் வாரக்கணக்கில் தங்கிச் சுற்றினார். நிதி நிறுவனத் தலைவர்களைப் பேருந்தில் ஏற்றி வந்து இடிபாடுகளைக் காட்டினார். 1984 இல் குப்பைமேடாகக் கிடந்த கரையில் பன்னாட்டுத் தோட்ட விழா நடந்தது. 1988 இல் ஆல்பர்ட் துறையின் கிட்டங்கிகளில் கலைக்கூடம் திறக்கப்பட்டது. 2004 இல் துறைமுகப் பகுதி யுனெஸ்கோவின் உலக மரபிடமாயிற்று. 2008 இல் நகரம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியது. 2021 இல் மக்கள்தொகை மீண்டும் 4,86,000 ஆக ஏறிற்று.

இதனை மறுமலர்ச்சி என்று பாடுவோர் பலர். நாம் பாதியளவே பாடுவோம். துறைமுகம் இன்றும் சரக்கை ஏற்றி இறக்குகிறது. பெருங்கப்பல்களுக்கென 2016 இல் ஆற்றிலேயே புதிய ஆழ்துறையும் திறந்தது. ஆனால் முன்பு பல்லாயிரவர் செய்த வேலைக்கு இப்போது சில நூறு பேர் போதும். 1995 இல், வேலைநீக்கப்பட்ட தோழர்களின் மறியல் கோட்டைத் தாண்ட மறுத்ததற்காகச் சுமார் 500 தொழிலாளர் வேலையிழந்தனர். இரண்டாண்டுக்கு மேல் போராடியும், 1998 இல் வேலையை மீளப் பெறாமலேயே போராட்டத்தை முடித்தனர். 2019 இன் அரசுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்தின் மிக வறிய நகராட்சிகளின் வரிசையில் லிவர்பூல் மூன்றாவதாக நின்றது. கரையில் விளக்கெரிகிறது, சில தெருக்கள் தள்ளி இருட்டு.

2021 ஜூலையில் யுனெஸ்கோ தன் பட்டியலிலிருந்து லிவர்பூலை நீக்கியது. உலகில் அவ்வாறு நீக்கப்பட்ட மூன்றாவது இடம் அது. பழந்துறையருகே உயரக் கட்டடங்களும், பிராம்லி-மூர் துறையைத் தூர்த்துக் கால்பந்து அரங்கமும் எழுவது மரபைக் கெடுக்கும் என்பது காரணம். அவ்வரங்கம் 2025 இல் திறக்கப்பட்டது. நினைவா, பிழைப்பா என்று கேட்டால் நாம் பிழைப்பின் பக்கமே சாய்வோம்; பசித்தவனிடம் போய்ப் பழங்கல்லின் அழகைச் சொல்வது பண்பாகாது. ஆனால் எவர் பிழைப்பு என்று அடுத்து ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை சொல்ல அவ்வூரில் அதிகம் பேர் முன்வரக் காணோம்.

இனி அந்தப் பள்ளிவாசல். வில்லியம் ஹென்றி குவில்லியம் என்னும் வழக்கறிஞர் மொராக்கோ சென்று வந்து, 1887 இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் ஆனார். 1889 இல் புரூம் டெரஸில் வீடொன்றை வாங்கித் தொழுமிடமும் பள்ளிக்கூடமும் நடத்தினார். அநாதைக் குழந்தைகளுக்கு ஓர் இல்லமும் அமைத்தார். ‘தி கிரஸண்ட்’ என்னும் அவருடைய வாரப்பத்திரிகை 1893 முதல் 1908 வரை வெளிவந்தது. துறைக்கு வந்த முஸ்லிம் மாலுமிகள் அங்கே தொழுதனர். 1908 இல் அவர் ஊரை விட்டகல, ஜமாஅத் கலைந்தது. அவ்வீடு நகராட்சியின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகமாயிற்று; பின்பு அதுவும் போய்ப் பாழடைந்தது. நூறாண்டுக்கு மேல் கடந்து, 2014 இல் ஒரு சங்கத்தாரின் முயற்சியால் அங்கே மீண்டும் தொழுகை நடந்தது. பெருநிறுவனம் எதுவும் அதை இலாபத்துக்காகத் திறக்கவில்லை.

டாக்ஸ்டெத்தின் கிரான்பி தெருக்களிலும் இதையே காண்கிறோம். கலகத்துக்குப் பின் வீடுகள் காலியாகி, சன்னல்கள் பலகையடித்துக் கிடந்தன, இடிப்பதற்கே குறித்திருந்தனர். எஞ்சியிருந்த பெண்கள் சிலர் தெருவைக் கூட்டினர், பூச்செடி வைத்தனர், காலி வீட்டுச் சுவர்களுக்கு வண்ணமடித்தனர், சந்தை நடத்தினர். 2011 இல் நிலத்தைப் பொதுவில் வைத்துக் காக்கும் அறக்கட்டளை ஒன்றை அமைத்தனர். கட்டட இளைஞர் குழு ஒன்று அவர்களோடு சேர்ந்து வீடுகளைச் செப்பனிட, 2015 இல் அதற்கு டர்னர் பரிசு கிடைத்தது. பரிசைவிட நமக்குப் பெரிதாய்ப் படுவது, அவ்வீடுகளின் விலையும் வாடகையும் அவ்வூராரின் வருவாய்க்கு ஏற்ப வைக்கப்பட்டதே. வக்ஃபு என்று நாம் சொல்வதன் சாயலை அங்கே காண்கிறோம். சொல் மட்டுமே அவர்களிடம் இல்லை.

2024 ஜூலை இறுதியில் அண்மையிலுள்ள சவுத்போர்ட்டில் சிறுமியர் கொல்லப்பட்டபோது, கொன்றவன் முஸ்லிம் அகதி என்னும் பொய் பரவிற்று. ஆகஸ்ட் 2 ஆம் நாள் குவில்லியம் பள்ளிக்கு எதிரே ஒரு கூட்டம் கூடியது. பள்ளியைக் காக்க வந்தோரும் திரண்டனர். அவ்விரவு அப்பள்ளியின் இமாம் எதிர்த்து நின்றோரிடம் உணவோடு போய்ப் பேசினார். சிலர் அவரைத் தழுவிக்கொண்டனர். மறுநாளிரவு வால்டன் பகுதியில் கலகக்காரர் ஸ்பெல்லோ நூலகத்துக்குத் தீ வைத்தனர். வறுமைமிக்க அப்பகுதியில் பிள்ளைகள் படிக்கவும், வேலை தேடுவோர் விண்ணப்பம் எழுதவும் அதுவே இடம். அதை மீட்க மக்கள் கொடுத்த சிறுதொகைகள் 2 இலட்சம் பவுனைக் கடந்தன. அதே ஆண்டு டிசம்பரில் நூலகம் மீண்டும் திறந்தது. வடகரையில் இன்னும் பல துறைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. அங்கே எழவிருக்கும் மாடங்களில் அந்நூலகத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.