உரிமமும் உயிரிரக்கமும்

பொதுப் பூங்காவுக்கு நாயை அழைத்து வருபவர் அதற்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், உள்ளாட்சியிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும், கழுத்துப்பட்டையில் கயிறு பூட்டிக் கையில் பிடித்திருக்க வேண்டும் என்னும் விதிகள் சுகாதாரத் துறையின் அன்றாட ஏற்பாடுகளாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. எனினும், ஓர் உயிரிடம் இரக்கம் கொண்டு அதனை வளர்ப்பவர், அவ்வுயிரால் பிறருக்கு நேரக்கூடிய தீங்குக்கும் கடமைப்பட்டவரா என்னும் பழைய அறக்கேள்வியே இவ்விதிகளின் அடித்தளமாக இருக்கிறது. சமணமும் குறளும் மகாபாரதமும் இக்கேள்வியைத் தத்தம் வழியில் எதிர்கொண்டுள்ளன. அவற்றின் வெளிச்சத்தில் பார்த்தால், பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்போதுதான் இரக்கம் முழுமை பெறுகிறது என்பதும், உரிமம் அப்பொறுப்பின் மிகச் சிறிய வடிவம் என்பதும் விளங்கும்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்ப்பதற்கு உரிமம் தேவை; அதன் ஆண்டுக் கட்டணம் 2024இல் 50 ரூபாயாகவே இருந்தது என்றாலும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டதற்கான சான்று இல்லாமல் அது வழங்கப்படுவதில்லை. 2024 மே மாதத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகே, பலரும் பொருட்படுத்தாதிருந்த இவ்விதி பொதுப்பேச்சுக்கு வந்தது. பொது இடங்களில் கயிறும் வாய்மூடியும் வலியுறுத்தப்பட்டன. 2025இல் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கப்பட்டு, உரிமம் பெறாதோருக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டது. மைக்ரோசிப் என்பது ஏறத்தாழ ஓர் அரிசி மணி அளவே உள்ள சிறு கருவி. நாயின் தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கடியில் ஊசி வழியாக அது செலுத்தப்படுகிறது. ஸ்கேனரை அவ்விடத்தில் காட்டினால் 15 இலக்க எண் ஒன்று தெரியும். அந்த எண்ணோடு வளர்ப்பவரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் இணைந்திருக்கும்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்னும் ஐயத்துக்கு நோயின் இயல்பே விடை தருகிறது. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயின் கிருமி, கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல நகர்ந்து, பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் அதனை அடைகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் மரணம் ஏறக்குறைய உறுதி. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகவும், மனிதருக்கு இது பரவும் நிகழ்வுகளில் 99 விழுக்காட்டுக்கு நாய்களே காரணம் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நலமாக விளையாடித் திரியும் நாயின் உமிழ்நீரிலும், நோய்க்குறி தென்படுவதற்குச் சில நாள் முன்பே கிருமி இருக்கக்கூடும் என்பதுதான் இதில் மிகவும் கவனிக்கத்தக்கது. வளர்ப்பவரின் பாசம் எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும் அக்கிருமியை அதனால் கண்டறிய முடியாது. முன்கூட்டியே போடப்பட்ட தடுப்பூசியே அதனைத் தடுக்கும்.

சமணத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகிய தத்துவார்த்த சூத்திரம், இம்சைக்கு இலக்கணம் கூறும்போது ‘பிரமத்த யோகம்’ என்பதை அதன் வேராகக் காட்டுகிறது. விழிப்பிழந்த நிலையில் மனம், மொழி, மெய் ஆகியவற்றால் இயங்குவதே பிரமத்த யோகம்; அதன் வழியே உயிருக்கு ஊறு நேர்வது இம்சை. இதற்கு உரை கண்ட சமண ஆசிரியர்கள் மேலும் ஒரு படி சென்று, விழிப்போடு நடப்பவரால் தற்செயலாக ஓர் உயிர் துன்புற்றாலும் அவரைப் பாவம் பற்றாது என்றும், விழிப்பின்றி நடப்பவரால் எவ்வுயிரும் துன்புறாவிட்டாலும் அவர் இம்சை செய்தவரே என்றும் வரையறுத்தனர். “எங்க நாய் யாரையும் கடிக்காது” என்று பூங்காவில் அடிக்கடி கேட்கும் உறுதிமொழியை இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசி போடாத நாயைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் அவிழ்த்துவிடுபவர், அது யாரையும் கடிக்காமல் வீடு திரும்பினாலும், அகிம்சையிலிருந்து ஏற்கெனவே வழுவியவராகிறார்.

திருக்குறள் இதே உண்மையை வேறொரு கோணத்தில் அணுகுகிறது. அன்புடைமையை இல்லறவியலிலும், அருளுடைமையையும் கொல்லாமையையும் துறவறவியலிலும் வள்ளுவர் வைத்துள்ளார். தொடர்புடையவரிடம் செல்லும் நேயம் அன்பு, தொடர்பு கருதாமல் எல்லா உயிரிடத்தும் இயல்பாகச் செல்லும் கருணை அருள் என்று உரை மரபு விளக்கும். தான் வளர்க்கும் நாயை மடியில் வைத்துக் கொஞ்சுவது அன்பின் செயல். முன்பின் அறியாத குழந்தைக்கும், நடைப்பயிற்சிக்கு வரும் முதியவருக்கும், தெருவில் திரியும் மற்றொரு நாய்க்கும் தன் நாயால் கேடு வரக்கூடாது என்று ஆண்டுதோறும் தவறாமல் ஊசி போடுவது அருளின் செயல். யாருக்கும் தனியுரிமையில்லாத, எல்லாருக்கும் பொதுவான பூங்காவில் அன்பு மட்டும் போதாது.

இரக்கத்துக்கும் பொறுப்புக்கும் உள்ள உறவு பற்றிய இக்கேள்வி இந்தியாவில் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டது 1926இல். அகமதாபாத் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் தம் ஆலை வளாகத்தில் திரிந்த 60 நாய்களைக் கொல்லச் செய்தபோது, காந்தியடிகள் அதனைத் தவிர்க்க இயலாத செயலென ஏற்று, எழுந்த கண்டனங்களுக்கு ‘யங் இந்தியா’ இதழில் தொடர்ந்து விடையளித்தார். உடையவரின்றி நாய்கள் அலைவது சமூகத்தின் கருணைக்குச் சான்றாகாது, அதன் சோம்பலையும் அறியாமையையுமே காட்டும் என்பதும், பொறுப்பேற்காமல் எறியப்படும் சோற்றுத் துணுக்கு நாய்க்கு இழைக்கப்படும் அவமதிப்பு என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். பொறுப்பைப் பற்றி அவர் கூறியது இன்றும் மறுக்க முடியாதது. கொலையைப் பற்றி அவர் கூறியதை வரலாறு ஆதரிக்கவில்லை. சென்னையில் மாநகராட்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தெருநாய்களைக் கொன்றும் அவை குறையவில்லை. 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் என்னும் விலங்குநல அமைப்பு 1960களிலிருந்தே வலியுறுத்திவந்த கருத்தடைத் திட்டத்தை 1996இல் மாநகராட்சி ஏற்றது. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ப்பரவல் அறுந்துவிடும் என்று இன்று அறியப்பட்டிருப்பதால், காந்தியடிகள் வேண்டிய பாதுகாப்பைக் கொலையின்றியே அடையும் வழி திறந்திருக்கிறது.

கயிறும் வாய்மூடியும் நாயின் சுதந்திரத்தைப் பறிக்கின்றனவே என்னும் மறுப்பையும் ஒதுக்கிவிட முடியாது. மகாபாரதத்தின் தொடக்கத்தில், குற்றமற்ற தன் குட்டி வேள்விக்களத்தில் அடிக்கப்பட்டதற்காகச் சரமை என்னும் தாய்நாய் வேள்வி நடத்திய மன்னன் ஜனமேஜயனிடம் நீதி கேட்கிறது; முடிவை நெருங்கும்போது, தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சொர்க்கம் புக மாட்டேன் என்று யுதிஷ்டிரன் மறுக்கிறான். குற்றமற்ற உயிரைத் தண்டிக்காதே, அண்டி வந்த உயிரைக் கைவிடாதே என்னும் இவ்விரண்டு அறங்களுக்கும் உரிம விதி துணையாகவே நிற்கிறது. கட்டப்படாத நாய் கடித்துவிட்டால் வளர்ப்பவரின் அலட்சியத்துக்கான தண்டனையை அந்த நாயே சுமக்க நேர்கிறது. மைக்ரோசிப் உள்ள நாயை முதுமையிலோ நோயிலோ தெருவில் விட்டுச் செல்பவர் யாரென்று கண்டறிய முடிகிறது.

இந்தக் கடமை வளர்ப்பவருக்கு மட்டும் உரியதன்று. உயிர்களிடம் பரிவு காட்டுவதைக் குடிமக்களின் கடமையாக அரசியலமைப்பின் 51அ பிரிவு குறிப்பிடும்போது, அக்கடமையை நிறைவேற்றும் வசதிகளைச் செய்துதர உள்ளாட்சி கடமைப்படுகிறது. தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் குடிசைப் பகுதியில் நாய் வளர்ப்பவருக்கும் வீட்டருகே, செலவின்றிக் கிடைக்க வேண்டும். பூங்காக் காவலர் சான்றைக் கேட்டுப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். அபராதம் இறுதிக் கருவியாகவே இருக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் தண்டம் மட்டும் வசூலிக்கும் உள்ளாட்சியும், சமணர் கூறிய விழிப்பின்மையிலிருந்து விடுபட்டதாகாது.