எட்டரை மணி நிலா

2018 ஜனவரி 31, புதன்கிழமை. தைப்பூசமும் முழுச் சந்திர கிரகணமும் சேர்ந்து வந்த நாள். கேமராவோடு சென்னைக் கடற்கரையில் நின்றவர்களுக்கு அது அரிய மாலை. முழுநிலவு எப்போதும் சூரியன் சாயும் நேரத்தில்தான் எழும். அன்று வங்கக் கடலிலிருந்து எழும்போதே ஒரு பக்கம் கரைந்திருந்தது. 6.21க்கு முழுதாக மறைந்து, 7.37 வரை செம்பு நிறத்தில் நின்றது. கடலும் கிரகணமும் ஒரே படத்தில் அடங்கும் நேரம் அது. நள்ளிரவுக் கிரகணத்தில் நிலா உச்சியில் இருக்கும். அப்போது கடலையும் பெரிய நிலவையும் சேர்த்துக் காட்டும் படங்கள் பெரும்பாலும் இரண்டை ஒட்டியவை.

திருப்பூரில் கடல் இல்லை. அது பெரிய குறையும் இல்லை. இங்கே பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. அன்றைய கிரகணம் 5.18க்குத் தொடங்கி 8.41க்கு முடிந்தது. செக்கிங் மேசையில் நின்றவள் மணி அடித்து வெளியே வந்தபோது மிச்சமிருந்தது பதினோரு நிமிடம். நிலாவின் ஓரத்தில் சின்னக் கறை.

அவள் எதையாவது இழந்தாளா? சம்பளம், பி.எஃப்., கழிப்பறை என்று கேட்க எவ்வளவோ இருக்கும்போது நிலாவைப் பற்றிப் பேசுவது படித்தவளின் சொகுசு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஊரில் பெண் வெளியே போக எப்போதும் ஒரு காரணம் வேண்டும். கோயில், சந்தை, ஆஸ்பத்திரி, கம்பெனி. எல்லாமே அடுத்தவருக்குப் பயன்படும் காரணங்கள். கிரகணத்தைப் பார்ப்பதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. அதனால்தான் அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்கிறேன்.

வீட்டுத் தடை நமக்குத் தெரிந்ததுதான். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வரக்கூடாது. கத்தி, கத்தரிக்கோல், ஊசி தொடக்கூடாது. தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும். கருவின் மேலுதடு நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையிலேயே கூடிவிடுகிறது. ஏழு மாதக்காரியை அறைக்குள் வைத்துக் காப்பாற்ற அதில் ஒன்றும் மிச்சமில்லை. மருத்துவம் இருக்கட்டும், இந்த ஊர்க் கணக்கைப் பாருங்கள். கத்தரிக்கோல் படாத பனியன் உண்டா? கிரகணம் என்று பிசிறு வெட்டுவதை ஒரு கம்பெனி நிறுத்தியதாக நான் கேட்டதேயில்லை. வீட்டில் வெங்காயம் நறுக்கக்கூடாது, கம்பெனியில் பீஸ் வெட்டலாம். கூலி என்று வந்தால் வளைந்துகொடுக்கிற சாஸ்திரம், அவள் ஆசைப்பட்டால் மட்டும் இரும்பாகிவிடுகிறது.

சட்டத்தின் கதையும் இப்படித்தான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் காலை ஆறு முதல் மாலை ஏழு வரை மட்டுமே பெண்ணை வேலை செய்ய விட்டது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைப் பாகுபாடு என்று சொல்லி நீக்கியது. நியாயமான தீர்ப்பு. ஆனால் இரவு நமக்குத் திறந்தது ஷிப்ட் வாசல் வழியாக. சுமங்கலித் திட்டத்தில் நூற்பாலைகளுக்கு வந்த பெண்களை நினைத்துக்கொள்கிறேன். விடுதியும் ஆலையும் ஒரே மதிலுக்குள். இரவெல்லாம் விழித்திருப்பவள் அவள்தான். வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்க்க வார்டனைக் கேட்க வேண்டும்.

படம் பிடிப்பதிலும் பழைய பிரிவினை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வர்டு வானாய்வகத்தில் இரவில் தொலைநோக்கியடியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்களைப் பகலில் உருப்பெருக்கியால் ஆராய்ந்து விண்மீன்களை வகைப்படுத்தியவர்கள் பெண்கள். கூலி மணிக்கு 25 சென்ட் அளவில். (செக்கிங் மேசை நினைவுக்கு வருகிறதா?) விண்வெளித் தொலைவுகளை அளக்க உதவிய உறவை ஹென்ரியட்டா லெவிட் 1912இல் வெளியிட்டது அந்தத் தகடுகளைப் பார்த்துத்தான். பாலோமர் ஆய்வகத்தில் முறையான அனுமதியோடு ஒரு பெண், வேரா ரூபின், வானத்தை ஆராய்ந்தது 1965இல். அதுவரை சொன்ன காரணம், பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது. நிலாவையும் கழிப்பறையையும் தனித்தனிக் கோரிக்கைகளாகப் பிரிக்க முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையா?

முழுநிலவை நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் படமெடுத்துவிடலாம். மறைந்த நிலவுக்கு ஒரு நொடி, சில சமயம் அதற்கும் மேல் வேண்டும். அந்தச் சிவப்பு, பூமியின் காற்று வளைத்து அனுப்பும் ஒளி. அந்த நேரத்தில் உலகைச் சுற்றி நடக்கும் அத்தனை உதயங்களும் அஸ்தமனங்களும் சேர்ந்து தருவது. அதைப் பிடிக்க டிரைபாட் வேண்டும், ஒரு மணிநேரத்துக்கு மேல் ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இரவில், கடற்கரையில், தனியாக நிற்கும் பெண்ணிடம் யாருக்காகக் காத்திருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். என் மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேடம், நிலாவைப் படம் பிடிக்கப் போறேன்னா வீட்டுல நம்புவாங்களாங்க?"

2025 செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை. இரவு 11 மணியிலிருந்து 12.22 வரை முழு மறைவு. ஞாயிறு என்பதால் ஷிப்டைக் காரணம் சொல்ல முடியாது. நிலவைப் பார்க்கக் கண்ணாடியும் வேண்டாம், கடலும் வேண்டாம். லைன் வீட்டு வாசலே போதும். ஆனாலும் எத்தனை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

தொடக்கம் முதல் முடிவு வரை நமக்குத் தெரியப்போகும் அடுத்த முழுக் கிரகணம் 2028 டிசம்பர் 31. அதுவும் ஞாயிறுதான். இரவு பத்தேகால் வாக்கில் நிலா நன்றாகச் சிவந்திருக்கும். புத்தாண்டு இரவு, கடற்கரையில் கூட்டமும் போலீஸும் இருக்கும். என்னிடம் ஒரு டிரைபாட் இருக்கிறது. கேட்பவளுக்கு இரவல் தருவேன், காரணம் கேட்காமல்.