கறைபடாத கையொப்பம்

பலனில் பற்றில்லாமல் கடமையைச் செய்பவனைப் பாவம் ஒட்டாது என்கிறது கீதை. இதை உரசிப் பார்க்கத் தோதானவர்கள் காலனிய இந்தியாவின் பொதுப்பணி அதிகாரிகள். கிளைவ் காலத்து அன்பளிப்புக் கொள்ளை கண்டு, கார்ன்வாலிஸ் சம்பளத்தை உயர்த்தி, சொந்த வியாபாரத்துக்குத் தடை போட்டு உருவாக்கிய ஆட்சிப் பணியின் வாரிசுகள் அவர்கள். அவர்களிலும் கை நீட்டியவர்கள் உண்டு. நான் கேட்பது நீட்டாதவர்களைப் பற்றி. நீரில் திரியும் மீன் எப்போது நீர் குடிக்கிறது என்று தெரியாததுபோல அதிகாரி எப்போது பணம் தின்கிறான் என்பதும் தெரியாது என்றார் கௌடில்யர். அவர் கவலை திருட்டு. ஒருவரும் திருடாமலே கஜானா கரைந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

1849இல் கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டு ரயில்வே கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்தது. நிலம் 99 ஆண்டுகளுக்கு இலவசம். போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி உறுதி. வருமானம் போதாவிட்டால் மீதியை இந்திய வரிப்பணம் கட்டும். செலவு கூடினாலும் பங்குதாரருக்கு நட்டமில்லை என்றால் சிக்கனம் யாருக்கு வேண்டும்? ரயில்வே கம்பெனிகளின் செலவுக் கணக்கைப் பார்த்து ஒப்புதல் தர அரசு பொறியாளர்களை அமர்த்தியது. வரைபடம், மதிப்பீடு, பில் எல்லாம் அவர்கள் மேஜைக்கு வந்து கையொப்பத்தோடு திரும்பின. அந்தக் கையொப்பத்தில் லஞ்சம் இல்லாதிருக்கலாம். ஆனால் அது விவசாயியின் தீர்வையை லண்டன் பங்குதாரரின் வட்டியாக மாற்றியது.

பம்பாய்க்கும் புனேவுக்கும் நடுவே போர் காட் மலை ரயில்பாதை வேலை 1856இல் தொடங்கியது. ரயில்வே கம்பெனி அதை ஃபேவியல் என்ற காண்டிராக்டரிடம் விட்டது. அவருக்குக் கீழே துணைக் காண்டிராக்டர்கள், அவர்களுக்குக் கீழே கூலியாட்கள். கூலி ஒழுங்காகக் கைக்கு வராததால் 1859 தொடக்கத்தில் கலவரம் வெடித்தது. விசாரணை நடந்தது. அடுத்த ஆண்டே பொதுப்பணிகளில் கூலித் தகராறுகளை மாஜிஸ்திரேட்டு விரைவாகத் தீர்க்க ஒரு சட்டமும் வந்தது; வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைத் தண்டிக்கவும் அதிலேயே இடமிருந்தது. இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தன் கடமையைத்தான் செய்தார்.

கீதை அறிந்தவர்கள் இங்கே மறுப்பார்கள்: உலக நன்மைக்காகச் செய்வதே கர்மயோகம், இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சரிதான். ஆனால் அப்படிச் சொன்னதுமே பற்றின்மை மட்டும் போதாது, பலன் யார் மடியில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டதாகிறது. வட்டி உத்தரவாதம் இல்லாமல் லண்டன் மூலதனம் வந்திருக்காது என்பது இன்னொரு வாதம். அது ரயில் வந்ததை விளக்கும். ஆபத்து முழுவதும் வரிகட்டியின் தலையில் ஏறியதை நியாயப்படுத்தாது. தண்டவாளம் இன்றும் பயன்படுகிறதே என்பதும் கடன் பத்திரத்தில் யார் பெயர் எழுதப்பட்டது என்ற கேள்விக்குப் பதிலல்ல.

மேலிடத்து உத்தரவை மீற அதிகாரியால் முடியுமா என்பதுதான் வலுவான ஆட்சேபம். கீழ்நிலைப் பொறியாளருக்கு அது பெருமளவு பொருந்தும். மேலே போகப் போக வலுவிழக்கும். லாபம் கம்பெனிகளுக்கு, நட்டம் அரசுக்கு என்று வைஸ்ராய் லாரன்ஸே 1869இல் எழுதினார். அரசே பாதை போடும் கொள்கை அந்த ஆண்டில்தான் பிறந்தது. ஐந்தாண்டு வைஸ்ராயாக இருந்தவர் அதை எழுதியது, ஊருக்குக் கப்பலேற வேண்டிய ஜனவரி மாதத்தில்.