சரியான பாகம் என்பது எது?

1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை ஜெர்மனியிலோ ஸ்வீடனிலோ ஒரு பட்டறையில் பிரித்துப் போட்டால், அதற்கு வேண்டிய உதிரிபாகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும். சில பாகங்கள் அந்தக் காலத்திலேயே தயாராகி, விற்பனையாகாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தவை. வணிகத்தில் இவற்றை என்.ஓ.எஸ். என்பார்கள். சில, துருப்பிடித்த வேறொரு மஸ்டாங்கிலிருந்து கழற்றியவை. மற்றவை, பழைய வடிவத்தைப் பார்த்து இன்று புதிதாகச் செய்தவை. எதைப் பூட்டினாலும் வண்டி ஓடும். இருந்தும் புதுப்பிப்பவர் அவற்றில் ஒன்றை மட்டும் ‘சரியான பாகம்’ என்று தேடுகிறார். கடல் கடந்து பணம் அனுப்பி, சுங்கவரி கட்டி, மாதக்கணக்கில் காத்திருக்கிறார். பொருந்துவதும் ஓடுவதும் போதாது என்றால், அந்தச் ‘சரி’ எதைப் பொறுத்தது? பட்டறையில் எழும் இந்தக் கேள்வி, ஒரு பொருள் காலம் கடந்தும் அதே பொருளாக நிற்பது எதனால் என்ற பழைய தத்துவக் கேள்வியின் கிளைதான்.

முதல் விடை எண்களில் கிடைப்பதுபோலத் தோன்றும். ஃபோர்டின் பாக எண் சி5இசட்இசட் என்று தொடங்கினால், சி என்பது 1960களையும் 5 என்பது 1965ஐயும் அடுத்த எழுத்து மஸ்டாங்கையும் குறிக்கும். பெட்டியில் அச்சிட்ட விற்பனை எண்ணும் பாகத்திலேயே வார்த்திருக்கும் பொறியியல் எண்ணும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. அது தெரியாமல் நல்ல பாகத்தைப் போலி என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. வார்ப்பில் 5சி12 என்றிருந்தால், அது 1965 மார்ச் 12 அன்று வார்க்கப்பட்டது.

ஆனால் ஆண்டு மட்டும் சரியாக இருந்தால் போதாது. மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்தது. தொடக்க மாதங்களில் செய்த வண்டிகளும் ஆவணத்தில் 1965 மாடல்தான். ஆனால் அவற்றில் இருந்தது ஜெனரேட்டர்; 1964 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். ‘1965 மஸ்டாங்’ என்று மட்டும் எழுதி வயரிங் வரவழைத்தால், வருவது பொருந்தாமல் போகலாம். என்ஜின் அறையில் முன் சஸ்பென்ஷன் கோபுரங்களை ஃபயர்வாலோடு இணைக்கும் தாங்கி இதைவிடத் தெளிவான சான்று. அமெரிக்காவில் விற்ற சாதாரண வண்டிகளில் அது இரண்டு தனித்தனிக் கம்பிகள். ஏற்றுமதி வண்டிகளில் உறுதியான ஒரே துண்டு. ஜெர்மனியில் மஸ்டாங் என்ற பெயர் க்ருப் நிறுவனத்தின் வசம் இருந்ததால், ஃபோர்டு அங்கே அந்தக் காரை டி-5 என்ற பெயரில் விற்றது. அப்படி 1965இல் கப்பலேறிய டி-5க்கு ஒற்றைத் தாங்கிதான் சரி. கலிஃபோர்னியாவில் ஓடிவிட்டு அரை நூற்றாண்டு கழித்து அதே ஜெர்மனிக்கு வந்த மஸ்டாங்குக்கு இரட்டைக் கம்பிதான் சரி. இரண்டு வண்டிகளும் ஒரே பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஆகவே சரி என்பது பாகத்துக்குள் இருக்கும் குணம் அல்ல. குறிப்பிட்ட ஒரு வண்டியின் கடந்த காலத்தோடு அதற்குள்ள உறவு.

அந்தக் கடந்த காலம் எவ்வளவு மாற்றத்தைத் தாங்கும் என்பதில்தான் தத்துவவாதிகள் பிரிகிறார்கள். தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பலகை பலகையாக மாற்றிக் காத்துவந்ததையும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டதையும் புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சைச் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் இன்னொரு கப்பலைக் கட்டினால் எது உண்மையான கப்பல்? கார் உலகில் இது கற்பனை அல்ல. மஸ்டாங்கின் முழு உடற்கூடே இன்று புதிதாகக் கிடைக்கிறது. பழைய வண்டியின் என்ஜினையும் அச்சுகளையும் அந்தக் கூட்டில் பூட்டிவிடலாம். துருப்பிடித்த பழைய கூட்டை வேறொருவர் வாங்கி ஒட்டிச் சரிசெய்யலாம். வண்டி எண் பொறித்த முன்பக்கத் தகட்டை வெட்டிப் புதுக் கூட்டில் ஒட்ட வைக்கும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. அது பல நாடுகளில் குற்றம்.

இந்தியத் தத்துவத்தில் இதே வழக்கு தேரை வைத்து நடந்தது. அரசன் மிலிந்தன் ஏறிவந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டார். பாகங்கள் சேர்ந்த நிலைக்கு வழங்கும் பெயர்தான் தேர் என்பது அவர் முடிவு. பாகங்களுக்கு மேலாக ‘அவயவி’ என்ற முழுமை உண்மையாகவே உண்டு என்று நியாயத் தத்துவ மரபினரான நையாயிகர்கள் மறுத்தார்கள். ஆனால் அந்த மரபின் கணக்கில் ஒரு பாகம் நீங்கினாலே பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கிறது. அப்படிப் பார்த்தால் ஸ்பார்க் பிளக் மாற்றியதும் வேறு கார். ஜான் லாக் காட்டிய வழி புதுப்பிப்பவருக்கு இன்னும் நெருக்கமானது: கன்று மரமானாலும் அது அதே கருவாலி மரம்தான், ஏனெனில் ஒரே உயிர் அதில் இடையறாமல் தொடர்கிறது. காருக்கு உயிர் கிடையாது. அதில் தொடர்வது பயன்பாடும் உடைமையும் பதிவும்தான்.

சட்டங்களும் இந்தத் தொடர்ச்சியை அளக்கவே முயன்றிருக்கின்றன. பிரிட்டனில் பெரிதும் மாற்றியமைத்த வண்டி பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளிகள் வேண்டும் என்ற முறை நெடுங்காலம் நடப்பில் இருந்தது. சேஸி அல்லது உடற்கூட்டுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சு, கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. என்ஜினுக்கு 1 மட்டுமே. ஆர்வலர்கள் உயிராக மதிக்கும் என்ஜினுக்கு அரசு தந்த மதிப்பு மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு வாகனச் சோதனை ஆணையோ வரலாற்று வாகனத்துக்கு 30 வயதையும், முக்கிய உறுப்புகளின் தொழில்நுட்பத் தன்மை பெரிதாக மாறாமல் இருப்பதையும் கேட்கிறது. நீதிமன்றமும் ஒருமுறை இதில் இறங்கியது. 1929, 1930 ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி கார் ஒன்றில் பழைய பாகங்கள் மிகக் கொஞ்சமே எஞ்சியிருந்தன. அது உண்மையான கார்தானா என்ற வழக்கில், இடையறாத வரலாறு கொண்ட அந்த வண்டிக்கு அதன் பெயர் உரியதே என்று லண்டன் உயர் நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. லாக் சொன்ன தொடர்ச்சி அங்கே வென்றது.

தொடர்ச்சியை ஏற்றுக்கொண்டால், பழைய பாகம் எப்போதும் மேலானது என்ற எண்ணம் தளர்ந்துவிடும், தளரத்தான் வேண்டும். 1960களின் பிரேக் லைனிங்கில் கல்நார் உண்டு. பெட்டி பிரிக்காத அன்றைய லைனிங் வரலாற்றுப்படி முற்றிலும் சரி. அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஆஸ்திரேலியா 2003 இறுதியிலிருந்து கல்நார்ப் பொருள் இறக்குமதியை முழுவதும் தடை செய்திருப்பதால், அங்கே அனுப்பும் பழைய காரிலிருந்து கல்நார் உள்ள லைனிங்கையும் கேஸ்கட்டையும் முன்கூட்டியே அகற்ற வேண்டும். பின்பக்கத் திருப்ப விளக்கு அமெரிக்காவில் சிவப்பாகவே எரியலாம். ஐரோப்பிய விதி ஆரஞ்சு நிறம் கேட்கிறது. ஈயமில்லாத பெட்ரோலுக்காகக் கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்துவார்கள். மெக்கானிக்கின் உடலுக்கும் சாலையில் போகிறவரின் பாதுகாப்புக்கும் மேலாக வரலாற்றுத் துல்லியத்தை வைக்க எந்த நியாயமும் கிடையாது.

கியூபா இந்தச் சிந்தனையை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோகிறது. அமெரிக்க வர்த்தகத் தடைக்குப் பின் அங்கே செவர்லே, பிளிமத் கார்களுக்கு உரிய பாகங்கள் வருவது நின்றது. 2011 வரை புரட்சிக்கு முந்தைய கார்களை மட்டுமே கியூபர்கள் தங்களுக்குள் தடையின்றி வாங்கி விற்க முடிந்ததால், அவற்றை எப்படியும் ஓடவைத்தாக வேண்டியிருந்தது. வோல்கா, லாடா என்ஜின்கள் உள்ளே போயின. கிடைக்காத பாகங்களைக் கையாலேயே கடைந்தார்கள். அங்குள்ள 1950களின் செவர்லே ஒன்றை ஐரோப்பியத் தேர்வாளர் பார்த்தால் தவறுகளின் தொகுப்பு என்பார். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் துடைத்து வைத்த காரைவிட அந்தச் செவர்லேயிடம்தான் அறுபது ஆண்டுகளின் வாழ்வு இருக்கிறது. அதிலுள்ள வோல்கா என்ஜின் அந்தக் காரின் வரலாற்றுக்கு மிகச் சரியான பாகம். அதைப் பிடுங்கிவிட்டு மியாமியிலிருந்து வரவழைத்த அமெரிக்க என்ஜினைப் பூட்டுவது மீட்பு அல்ல. ஒரு நாட்டு மக்களின் உழைப்பை அழிப்பது.

அப்படியென்றால் எதை மாற்றினாலும் குற்றமில்லையா? உண்டு. குற்றம் மாற்றுவதில் இல்லை, மாற்றியதை மறைப்பதில் இருக்கிறது. புதிதாகச் செய்த பாகம் வண்டியை ஓட்டுவதாக மட்டும் உறுதி தருகிறது. அதன்மேல் 5சி12 என்று பொறித்தால், நடக்காத ஒரு நிகழ்ச்சிக்குச் சாட்சி சொல்கிறது. விலை ஏறும் என்பதற்காக என்ஜின் எண்ணைத் தேய்த்து வேறு எண் அடிப்பதும் இதே பொய்தான். 1965 மஸ்டாங்கில் இந்தச் சோதனை கடுமையானது. உயர்திறன் 289 என்ஜினில் மட்டுமே வண்டி எண் பொறிக்கப்பட்டது. சாதாரண 289இல் கிடையாது. வார்ப்புத் தேதி வண்டி தயாரான நாளுக்குச் சற்று முந்தியதாக இருந்தால், அது அந்த வண்டியில் பிறந்த என்ஜினாக இருக்கக்கூடும் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. அந்த ‘இருக்கக்கூடும்’ என்பதை ‘அதுவே’ என்று விற்பது ஏமாற்று.

பன்னாட்டுப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம், புதுப்பிப்பில் செய்த ஒவ்வொன்றையும் ஆவணப்படுத்தவும் மாற்றிய பாகங்களில் நிலையான அடையாளம் இடவும் சொல்கிறது. இதைக் கடைப்பிடிக்கப் பெரிய செலவு ஆகாது. பாகம் வரவழைக்கும்போதே வார்ப்பு எண்ணும் தேதியும் தெரியும் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். கழற்றிய பாகத்தை எறியாமல் பெயர் எழுதி வைக்க வேண்டும். எது பழையது, எது வேறு வண்டியிலிருந்து வந்தது, எது இன்று செய்தது என்ற ஏட்டை, கார் கைமாறும்போது சாவியோடு சேர்த்து அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.